சூடடிப்பு

ஊருக்கு மேலே, கல் பாவிய வட்டக் களம்.
அங்கே நின்றால் சாலை தெரியும், பாலம் தெரியும்,
அவரவர் கொல்லையில் காயும் துணிகூடத் தெரியும்.
காற்றுக்காக அங்கே கட்டினார்கள் முப்பாட்டன்மார்.
சுடுவதற்கும் அதுவே தோதான இடமென்று
முப்பத்தேழாம் வருஷ ஜூலையில்தான் தெரிந்தது.

அன்றைக்கு எங்கள் முறை.
தொர்ரேசேக்காவில் களத்துக்கு முறை உண்டு,
யுத்தம் வந்தாலும் முறை மாறாது.
கோதுமைக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பியிருந்தேன்.
அடியில் சிக்கிமுக்கிக் கல் பதித்த பலகை,
அதை இழுக்கக் கபித்தானா, எங்கள் கோவேறு கழுதை,
பாரத்துக்குப் பலகைமேல் நிக்கனோர்,
என் நாத்தனார் ஒரோசியாவின் மகன், ஒன்பது வயது.
நான் குடத்தோடு சுனைக்கு இறங்கியிருந்தேன்.
அவ்வளவுதான். ஒரு குடம் தண்ணீருக்கு.

கிழக்கே கொட்டகைச் சுவரோடு பதினோரு பேர், நம்மவர்கள்.
நம்மவர்கள் என்றால்
அந்த வாரம் நம் கோழிகளைத் தின்றவர்கள்.
மேற்கே பாதாம் மரங்களுக்குள் அவர்கள்,
எத்தனை பேரென்று எவரும் எண்ணவில்லை.
நடுவில் களம்.

முதல் வெடிக்கே நிக்கனோர்
பலகையோடு பலகையாய்க் குப்புறப் படுத்துவிட்டான்.
கபித்தானாவுக்குப் படுக்கத் தெரியாது.
பதினாலு கோடை அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்:
பசித்தால் சுற்று, ஈ கடித்தால் சுற்று,
பயந்தால் சுற்று.
சுற்றியது.

சுனைத் தொட்டிக்குப் பின்னால் கிடந்தபடி பார்த்தேன்.
ஒரு சுற்றுக்கு இரண்டு முறை
அது குறுக்கே வந்தது.
வந்தபோதெல்லாம் இரண்டு பக்கமும் ஓசை நின்றது.
யாரோ இருமினார்கள்.
யாரோ தோட்டாவைத் தவறவிட்டுக் கன்னிமாதாவை வைதார்கள்.
மேற்கிலிருந்து ஒருவன் "அர்ரே, அர்ரே" என்று விரட்டினான்,
எங்கள் ஊர் இழுவையிலேயே.
கடந்தது. மறுபடி சுட்டார்கள்.

லியோன்சியோ செத்தது அப்படித்தான்:
கடந்துவிட்டதா என்று தலையை நீட்டிப் பார்த்தான்.
அவர்கள் பக்கம் நான்கு பேர். அதில் ஒருவன்
போன கிறிஸ்துமஸுக்கு எங்களிடம் பன்றி வாங்கிப்
பாதிப் பணம் பாக்கி வைத்தவன்.

பிறகு மேற்கு மூலையில் வைக்கோல் பற்றிக்கொண்டது.
போர் எரிந்தது.
புகைக்குள்ளேயே எல்லோரும் போய்விட்டார்கள்,
ஜெயித்தது யாரென்று சொல்லாமல்.

மூன்று மணி நேரம்.
நான் ஏறிப் போனபோது
கதிர் முழுக்க அடிபட்டு முடிந்திருந்தது.
அந்த வருஷம் எவர் சூடும் அத்தனை சீராய் அடிபடவில்லை.
நிக்கனோரின் விரல்களைப் பலகையிலிருந்து
ஒவ்வொன்றாய்ப் பிரித்தெடுத்தேன்.
"இறங்கலாமா?" என்று கேட்டான்.
கபித்தானா நிற்கவில்லை.
கண்ணைத் துணியால் மூடித்தான் நிறுத்தினேன்.

மறுநாள் காற்று வந்தது. தூற்றினோம்.
பதர் தூரம் போனது. கோதுமை நடுவில் விழுந்தது.
ஈயம் காலடியிலேயே.
ஒரு தொப்பி நிறைய இருந்தது.
பசிலிசா அதைக் காய்ச்சி அண்டாவின் ஓட்டையை அடைத்தாள்.

பதினெட்டு வருஷம் கழித்து, கால்நடைச் சந்தையில்,
பாதிக் காது இல்லாத ஓர் ஆள்.
விலை பேசினோம், மழை பேசினோம்,
எப்படியோ களத்துக்கு வந்துவிட்டோம்.
அவன் பாதாம் மரத்தடியில் இருந்தவன்.
இத்தனை காலம் மடித்து வைத்திருந்த நன்றியை
அங்கேயே, மூத்திர நாற்றத்தின் நடுவே, பிரித்தேன்:
"பையனுக்காக நிறுத்தினீர்களே..."

"எந்தப் பையன்?" என்றான்.
"ஜூலை மாசம். நல்ல உருப்படி.
யாருக்கு மனசு வரும்?"

நிக்கனோரிடம் இதை நான் சொல்லவில்லை.
அவன் இன்னும் அந்த இரண்டு பக்கத்துக்கும்
மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், பக்கத்துக்கு ஒன்று.

லியோன்சியோவைப் பற்றி அந்த ஆள் கேட்கவில்லை.
பன்றிக்காரனைப் பற்றி நானும்.
கோவேறு என்ன ஆனதென்று மட்டும் கேட்டான்.
அடுத்த மாதமே ரசீது கொடுத்துப்
பட்டாளம் ஓட்டிப் போனது என்றேன்.

எந்தப் பட்டாளம் என்று
அவன் கேட்கவில்லை.